திருகோணமலை வெக்கையில நாயோட என்ன விளையாடுறது?

பாலையூற்று | ஜூன் 4, இரவு 9.12

ஒன்றரை வயசு நாட்டு நாய், ஆண், 16 கிலோ. பின்னேரம் உப்புவெளிக் கரையில பந்து எறியிறதுதான் ஒரே விளையாட்டு. கச்சான் காத்துத் தொடங்கின பிறகு ஆறு மணிக்கும் றோட்டு கொதிக்குது. பகல் முழுக்கக் கட்டி வச்சால் செருப்பு, கால்மிதி ஒண்டும் மிஞ்சுதில்லை. நாய்க்கு ஓட்டம் வேணும், ஓட்டம் இல்லாட்டி வேற எதுவும் சரிவராது எண்டுதான் நினைக்கிறன். ஓடவிடாமல் களைக்க வைக்க வழி இருக்கோ?

கரைவலை | ஜூன் 4, இரவு 10.05

ஓட்டமும் வேணும்தான். ஆனா நாய்க்கு முதல் வேலை மூக்குக்கு. அரை மணித்தியாலம் பந்துக்குப் பின்னால ஓடின நாய் வீட்டுக்கு வந்தும் அந்தரப்பட்டுக்கொண்டு நிக்கும். இருபது நிமிசம் தன்ரை பாட்டில மோந்து திரிஞ்ச நாய் தண்ணியைக் குடிச்சிட்டுப் படுக்கும்.

மோப்ப நடை இப்பிடி: 5 மீற்றர் கயிறு, நெஞ்சுப்பட்டியில கொழுவுங்கோ. எந்தப் பக்கம் போறது, எங்க நிக்கிறது எல்லாம் நாயின்ரை முடிவு. நீங்கள் கயிறு இறுகாமல் பின்னால போனால் சரி. ஒரு மதில் மூலையில நாலு நிமிசம் நிண்டாலும் இழுக்காதேங்கோ. தூரம் முக்கியமில்லை, ஒரு ஒழுங்கைக்குள்ளேயே முடிஞ்சாலும் போதும். குப்பை மேடு, மீன் வெட்டுற இடம் ரெண்டையும் மட்டும் விலத்துங்கோ.

நேரம்: விடிய 6.30க்கு முதல். பின்னேரம் எண்டால் பொழுதுபட்டு ஒரு மணித்தியாலமாவது கழிய வேணும், தார் சூட்டை விட அவ்வளவு நேரம் எடுக்கும். புறங்கையைத் தாரில வச்சு 7 செக்கன் பிடிக்க ஏலாட்டி நாயின்ரை காலுக்கும் ஏலாது. வெள்ளை மணலுக்கும் இதே கணக்கு.

கரைவலை | ஜூன் 5, காலை 5.50

கயிறு பற்றி விட்டுப்போச்சு. 8 மில்லிமீற்றர் தடிப்பு நல்லது. அதைவிட மெல்லிசான நைலோன் கயிறு உள்ளங்கையை அறுக்கும். ஒரு மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டால் வழுக்காது. கையைச் சுத்திக் கட்ட வேண்டாம், நாய் திடீரெண்டு பாஞ்சால் விரல் போகும். கழுத்துப்பட்டியில கொழுவவும் வேண்டாம். 5 மீற்றர் ஓடி எடுத்த வேகம் முழுக்கக் கழுத்திலதான் வந்து நிக்கும்.

கொழுக்கிதான் எங்கட ஊரில சிக்கல். முலாம் பூசின இரும்புக் கொழுக்கி உப்புக் காத்தில வெளியால பளபளப்பாத்தான் இருக்கும், உள்ளுக்குச் சுருள் துருவிடும். தள்ளினால் உள்ள போகும், திரும்பி வராது. பித்தளை இல்லாட்டி துருப்பிடியா உருக்கு எடுங்கோ. கடலுக்குப் போய்வந்தால் நல்ல தண்ணியில கழுவி, வெளிக்கிட முதல் ஒருக்கா இழுத்துப் பாருங்கோ.

லிங்கநகர் | ஜூன் 5, காலை 7.20

நாய் முடிவெடுக்குமாம், மனுசன் பின்னால போவானாம். எங்கட வீட்டில ஏற்கெனவே அப்பிடித்தான் நடக்குது.

லிங்கநகர் | ஜூன் 5, காலை 7.31

பகிடி கிடக்கட்டும். பந்து பிழையில்லை, எறியிற விதம்தான் பிழை. உயர எறிஞ்சா நாய் எழும்பிப் பிடிச்சுப் பின்னங்காலில திருகி விழும். முழங்கால் சவ்வு அப்பிடித்தான் அறும். நிலத்தோட உருட்டி விடுங்க. எட்டுப் பத்துத் தரம் போதும், அதுக்கு முதலே ஒரு தரம் தண்ணி குடுங்க. டெனிஸ் பந்து கடற்கரைக்குச் சரிவராது. அந்தப் பஞ்சு மணலைப் பிடிச்சு வச்சிருக்கும், நாய் கடிக்கக் கடிக்க அரத்தாள் போல பல்லைத் தேய்க்கும். ரப்பர் பந்து, வாய்க்குள்ள முழுசாப் போகாத அளவில வாங்குங்க.

மருந்துப்பெட்டி | ஜூன் 5, இரவு 8.40

சூட்டைப் பற்றி ஒண்டு. நாயின் உடம்புச் சூடு சாதாரணமா 38 முதல் 39.2 பாகை. 41 தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாக்கு கடுஞ்சிவப்பாகி அகலமா விரியும், எச்சில் கட்டியா வடியும், நடை தள்ளாடும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணி ஊத்தி, விசிறிக்கொண்டே மிருக வைத்தியரிடம் போங்கள். ஈரத் துவாயை மேலே போர்த்தி விடாதீர்கள், அது சூட்டை உள்ளே அடைக்கும். அறிவு தெளியாத நாயின் வாயில் தண்ணி ஊத்தவும் கூடாது. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்கள் இதில் முதல் ஆள்.

அன்புவழிபுரம் | ஜூன் 6, காலை 6.15

எங்கட லயன் பொமேரியனுக்கு இந்த வெக்கைக்கு மொட்டை அடிக்கலாமோ?

மருந்துப்பெட்டி | ஜூன் 6, காலை 9.02

வேண்டாம். அந்த ரெட்டை மயிர்தான் வெயிலை மறிக்கிறது. மொட்டை அடித்தால் தோல் நேரே எரியும், திரும்ப முளைப்பதும் திட்டுத் திட்டாக வரலாம். உள்மயிரைச் சீப்பால் கழித்துவிடுங்கள். வயிற்றடியும் பாதத்துக்குக் கீழேயும் மட்டும் கட்டையாக வெட்டலாம்.

பாலையூற்று | ஜூன் 6, இரவு 9.30

மோப்ப நடை நல்லாப் பிடிச்சிருக்கு. ஆனா பகலுக்கு என்ன செய்யிறது? நான் வேலைக்குப் போனால் அம்மா மட்டும்தான் வீட்டில. அவவால குனிஞ்சு நிமிர ஏலாது.

கரைவலை | ஜூன் 6, இரவு 10.20

அம்மாவுக்கு ஏத்த விளையாட்டு: பழைய சாரம். நிலத்தில விரிச்சு நாயின்ரை காலைச் சாப்பாட்டில பாதியை மேல தூவி, பாய் மாதிரிச் சுருட்டிக் குடுங்கோ. மேசையில வச்சுச் சுருட்டினால் குனியத் தேவையில்லை. நாய் மூக்கால தள்ளி விரிக்கும். பழகின பிறகு ரெண்டாய் மடிச்சுச் சுருட்டுங்கோ, அதுக்குப் பிறகு நடுவில ஒரு தளர்வான முடிச்சு. முதல் நாளே முடிச்சுப் போட்டால் நாய் துணியைக் கிழிக்கத்தான் பழகும். கிழிச்சு விழுங்கிற நாய்க்கு இது வேண்டாம். சோறும் கறியும் தின்னுற நாய் எண்டால் சாரம் நாறிப்போகும். அவிச்ச கோழியையோ மீனையோ உதிர்த்து, ஈரத்தை ஒத்தி எடுத்துப் போடுங்கோ.

அடுத்தது சிரட்டை. மூண்டு பாதிச் சிரட்டையைக் கவிழ்த்து ஒண்டுக்குக் கீழ தீனி. கண் இருக்கிற பாதியா எடுங்கோ. மூண்டு கண்ணில மெதுவானதைக் குத்தித் திறந்தால் மணம் அந்த ஓட்டையால வெளிய வரும், நாய் ஒவ்வொண்டா மூக்கை வச்சு மோந்து நிக்கிறதைப் பார்க்கலாம். கண் இல்லாத பாதியை வச்சால் மணம் நிலத்தோட அமுங்கி, நாய் மோக்காமல் கண்டபடி தட்டும். தும்பை நல்லாச் சுரண்டி, விளிம்பைத் தாளால தேய்ச்சு விடுங்கோ.

மருந்துப்பெட்டி | ஜூன் 7, காலை 8.10

சிரட்டையைக் கடித்து உடைக்கும் நாய் என்றால் சில்வர் கோப்பைக்கு மாறுங்கள். உடைந்த சிரட்டையின் முனை குடலைக் கிழிக்கும். சாரமோ சிரட்டையோ, தீனி எவ்வளவு போட்டாலும் அதை அன்றைய சாப்பாட்டில் இருந்தே கழியுங்கள். புறம்பாகக் கொடுக்கும் தீனி ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

இங்கே பலர் பொச்சுமட்டையை நாய்க்குக் கடிக்கப் போடுகிறார்கள். தும்பு வயிற்றில் செமிக்காது, திரண்டு குடலை அடைக்கும். குரும்பட்டி அதைவிட மோசம், தொண்டைக்கு அளந்து செய்தது போல இறுகும்.

லிங்கநகர் | ஜூன் 7, பகல் 1.15

வெக்கைக்கு ஐஸ் தீனி. கீரி மீன் இல்லாட்டிச் சூடை மீன் கால் கிலோ, ஒரு லீற்றர் தண்ணி. உப்பு, வெங்காயம், உள்ளி, மிளகாய் ஒண்டும் வேண்டாம். 15 நிமிசம் அவிச்சு, முள்ளுப் போகாமத் துணியில வடிச்சு, ஆறவிட்டு யோகட் கப்பில ஊத்தி இரவு முழுக்க உறைய விடுங்க. 80 கிராம் கப் ஒண்டு பத்துக் கிலோ நாய்க்குக் காணும். கப்பை ஒருக்காத் தண்ணியில முக்கினா கட்டி கழண்டு வரும். கப்போட குடுக்க வேண்டாம், பிளாஸ்டிக்கையும் சேர்த்து முடிச்சிடும்.

மருந்துப்பெட்டி | ஜூன் 7, பகல் 2.05

மீனை அவிப்பது நல்லது. பச்சைச் சூடை, சாளை வகைகளில் B1 விற்றமினை அழிக்கும் நொதி இருக்கிறது, அவித்தால் அது போய்விடும். ஆனால் உறைந்த கட்டியை அப்படியே கொடுத்தால் கடித்துப் பல் வெடிக்கும். அகலத் தட்டில் அரை அங்குல உயரத்துக்கு ஊற்றி உறையவைத்து, தட்டோடு வையுங்கள். நக்கத்தான் முடியும், நேரமும் கூடப் போகும்.

லிங்கநகர் | ஜூன் 7, பகல் 2.20

தட்டு யோசனை நல்லாயிருக்கு, கப்பை விடுங்க. மூதூர்த் தயிரும் ஊத்தலாமோ?

மருந்துப்பெட்டி | ஜூன் 7, பகல் 2.41

எருமைத் தயிரில் கொழுப்பு அதிகம். ஒரு பங்கு தயிருக்கு ரெண்டு பங்கு தண்ணி, சீனி இல்லாமல். முதல் நாள் ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்தி, வயிறு ஏற்கிறதா என்று பாருங்கள். கித்துள் பாணியை உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாலையூற்று | ஜூன் 10, இரவு 8.55

கடலுக்குள்ள இறக்கலாமோ? அலை கணுக்காலைத் தொட்டாலே பின்னுக்குப் பாயுது.

கரைவலை | ஜூன் 10, இரவு 9.48

இப்பதான் காலம். சித்திரை கழிஞ்சு புரட்டாசி வரைக்கும் எங்கட பக்கக் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக் கடலில நாயை இறக்கிற கதையே வேண்டாம்.

தூக்கிக்கொண்டு போய்த் தண்ணிக்குள்ள விடுறதை மட்டும் செய்யாதேங்கோ. அதுக்குப் பிறகு அந்த நாய் ஆயுசுக்கும் கடல் பக்கம் வராது. விடிய, அலை கணுக்காலுக்குக் கீழ இருக்கிற நேரம் போங்கோ. நீங்கள் முழங்கால் அளவில கரைக்குச் சமாந்தரமா நடக்க, நாய் ஈர மணலில வரட்டும். அது தானா ரெண்டு அடி உள்ள வந்தால் தீனி குடுத்துத் திரும்பிக் கரைக்கு வாங்கோ. வயிறு நனையிற அளவுக்கு வர நாலைஞ்சு நாளும் ஆகலாம்.

நீந்தத் தொடங்கிற நாய் முன்னங்காலால தண்ணியை அடிச்சு நெட்டுக்குத்தா நிக்கும், பின்பக்கம் தாழும். வயித்துக்குக் கீழ கையைக் குடுத்துப் பின்பக்கத்தை உயர்த்திவிட்டால் நாலு காலும் வேலை செய்யும். ரெண்டு மூண்டு நிமிசத்தோட நிப்பாட்டுங்கோ. களைச்ச நாய் கரைக்குப் போகாமல் உங்கட தோளிலதான் ஏறும், நகம் முதுகைக் கீறிப்போடும்.

ஒரு லீற்றர் போத்தலில நல்ல தண்ணி கொண்டுபோய்ப் பத்து நிமிசத்துக்கு ஒருக்காக் குடுங்கோ. தாகம் இருந்தால் கடல் தண்ணியைத்தான் குடிக்கும், இரவுக்குத் தண்ணியாப் பேதி. வீட்டில கிணத்துத் தண்ணியால வயித்தடி, விரல் இடுக்கெல்லாம் அலசி, காதின்ரை உட்பக்கத்தைத் துணியால ஒத்தி விடுங்கோ. பஞ்சுக் குச்சி வேண்டாம்.

மருந்துப்பெட்டி | ஜூன் 11, காலை 7.35

கடல் தண்ணியில் உப்பு கிட்டத்தட்ட நூற்றுக்கு 3.5 பங்கு. பேதியோடு நின்றால் பயமில்லை. வாந்தி நிற்காமல், உடம்பு நடுங்கினால் அது உப்பு இரத்தத்தில் ஏறிய அறிகுறி, காத்திருக்க வேண்டாம்.

கரைவலை இழுத்த இடத்தில் நாயை அவிழ்த்து விடாதீர்கள். வலையில் இருந்து கழித்தெறிந்த பேத்தை மீன் அங்கே கிடக்கும். அதன் நஞ்சு காய்ந்தாலும் போகாது, அவித்தாலும் போகாது, மாற்று மருந்தும் கிடையாது. எச்சில் வடிதல், வாந்தி, பின்னங்கால் இழுத்தல் என்று தொடங்கி மூச்சுத் தசை வரை முடக்கும். அரை மணித்தியாலத்துக்குள்ளேயே தொடங்கலாம். வாயில் எடுத்ததைக் கண்டால் அறிகுறிக்காக நிற்காமல் உடனே மிருக வைத்தியரிடம் போங்கள்.

கரைவலை | ஜூன் 11, காலை 8.10

என்ரை பேருக்கே அடி. ஆனா உண்மை. அதால நாய்க்கு முதல் பழக்க வேண்டியது "விடு" எண்ட சொல். மூடின கைக்குள்ள தீனியை வச்சு நீட்டுங்கோ. நக்கும், சுரண்டும், பேசாமல் இருங்கோ. மூக்கை ஒரு விரலளவு பின்னுக்கு எடுத்த கணமே "ஓம்" எண்டு மற்றக் கையால வேற தீனி குடுங்கோ. மூடின கைக்குள்ள இருக்கிறதை ஒருநாளும் குடுக்கக் கூடாது. அது சரிவந்த பிறகு கையைத் திறந்து, பிறகு நிலத்தில வச்சு, பிறகு நடந்து போற வழியில. ஒரு தரத்துக்கு மூண்டு நிமிசம் போதும். தீனி கடலைப்பருப்பளவு, தேங்காய்ச் சொட்டை நறுக்கி வச்சாலும் காணும். கூடினால் வயித்தால போகும்.

பாலையூற்று | ஜூன் 11, இரவு 9.05

தூண்டில் முள்ளு கொழுவினால்?

மருந்துப்பெட்டி | ஜூன் 11, இரவு 9.33

உதட்டில் என்றால் வந்த வழியால் இழுக்காதீர்கள், முள்ளின் செதில் சதையைப் பிய்க்கும். வைத்தியர் மரக்கப் பண்ணி, முனையை மறுபக்கம் தள்ளிச் செதிலை வெட்டி எடுப்பார். விழுங்கிவிட்டு வாயால் தங்கூசி (தூண்டில் நூல்) தொங்கினால் இழுக்கவும் வேண்டாம், வாயோடு வெட்டவும் வேண்டாம். ஒரு முழம் விட்டுக் கழுத்துப்பட்டியில் தளர்வாகக் கட்டிக் கொண்டுபோங்கள். முள் இருக்கும் இடத்துக்கு வழி காட்டுவது அந்த நூல்தான்.

அன்புவழிபுரம் | ஜூன் 15, பின்னேரம் 4.20

பிரெட்ரிக் கோட்டைக்குள்ள கூட்டிப் போகலாமோ? நல்ல நிழல். புறாத்தீவும் யோசிச்சனாங்கள்.

லிங்கநகர் | ஜூன் 15, பின்னேரம் 5.02

ரெண்டும் வேண்டாம். கோட்டைக்குள்ள மான் றோட்டோரத்திலயே படுத்துக் கிடக்கும். நாயைக் கண்டு எழும்பி ஓடினா கோணேசர் கோயிலுக்குப் போற வாகனத்துக்குக் குறுக்கதான் பாயும். நாய் கயித்தில நிண்டாலும் மானுக்கு அது தெரியாது. புறாத்தீவு 2003இல இருந்து தேசிய பூங்கா, வளர்ப்பு மிருகத்துக்கு அங்க இடமில்லை. நிழல் வேணுமெண்டா விடியக் காலமை உள்துறைமுக வீதிப் பக்கம் போங்க, சனம் குறைவு. கட்டாக்காலி மாடு நிக்கிற புல்லுக்குள்ள மட்டும் இறக்க வேண்டாம், உண்ணி அள்ளிக்கொண்டு வரும்.

மருந்துப்பெட்டி | ஜூன் 15, பின்னேரம் 5.40

உண்ணி பார்ப்பதையும் விளையாட்டாக்கலாம். பின்னேரம் மடியில் படுக்கவைத்து ஒரு காது, ஒரு தீனி. ஒரு பாதம், ஒரு தீனி. காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டிக்குக் கீழ், வாலடி. கண்டால் சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுங்கள். மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி வேலை வேண்டாம், சாகும் உண்ணி இன்னும் கக்கும். பெண் உண்ணி நாயில் இருந்து இறங்கிச் சுவர் வெடிப்பில்தான் முட்டையிடும். நாயை மட்டும் கழுவி வெடிப்பை விட்டால் பலனில்லை.

லிங்கநகர் | ஜூலை 9, காலை 6.50

தெரு நாய்க் கூட்டம் சூழ்ந்தா ஓடாதீங்க, கல்லும் எறியாதீங்க. உங்கட நாயைப் பின்னுக்கு எடுத்து, ஒரு பிடி தீனியை அதுகளுக்குப் பின்னால விழுறமாதிரி வீசிட்டுப் பக்கவாட்டில விலகுங்க. கடிபட்டா சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு நேரே ஆஸ்பத்திரி. உங்கட நாய்க்கு விசர் ஊசி வருசத்துக்கு ஒருக்கா.

அன்புவழிபுரம் | ஒக்டோபர் 2, இரவு 8.15

தீபாவளி வருது. சீனவெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழ பூந்து நடுங்குது. என்ன செய்ய?

கரைவலை | ஒக்டோபர் 2, இரவு 9.25

இண்டைக்கே தொடங்கினால் கொஞ்சம் பழக்கலாம். வெடிச் சத்தத்தை ஃபோனில எடுத்து, சாப்பிடுற நேரம் மெல்லிசாப் போடுங்கோ. காது ஆடும், ஆனா வாய் நிக்காது. அதுதான் சரியான அளவு. ஒருநாளைக்கு ரெண்டு தரம், அஞ்சு நிமிசம். ரெண்டு மூண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு புள்ளி கூட்டுங்கோ. சாப்பாட்டை விட்டால் உடனே குறையுங்கோ.

அண்டைக்கு ஐஞ்சு மணிக்கு முதலே நடத்தி எடுத்திட்டு, யன்னல் பூட்டின அறையில ஃபானையும் ரேடியோவையும் போட்டு விடுங்கோ. கட்டி வைக்க வேண்டாம், வெருண்ட நாய் சங்கிலியில தொங்கிப்போகும். கட்டிலுக்குக் கீழ பூந்தால் இழுத்து எடுக்காதேங்கோ, கிட்ட இருந்து தடவி விடுங்கோ. தடவினால் பயம் கூடும் எண்டு சொல்லுறவையின்ரை கதையைக் கேக்க வேண்டாம். கழுத்துப்பட்டியில ஃபோன் நம்பர் இருக்கட்டும்.

பாலையூற்று | நவம்பர் 18, இரவு 7.40

மழை விடுதில்லை. வெளியால இறக்க ஏலாது. மோப்ப நடைக்குப் பதிலா என்ன?

மருந்துப்பெட்டி | நவம்பர் 18, இரவு 8.05

ஒண்டுக்குப் போக மட்டும் இறக்குங்கள், தேங்கின தண்ணியை நக்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதற்கு ஊசி இருக்கிறது.

கரைவலை | நவம்பர் 18, இரவு 9.10

ஒளிச்சுப் பிடிச்சு. அம்மா நாயைப் பிடிச்சுக்கொண்டு கதிரையில இருக்கட்டும். நீங்கள் கதவுக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு ஒரேயொருக்காக் கூப்பிடுங்கோ. கண்டுபிடிச்சால் கொண்டாட்டமும் தீனியும். திருப்பித் திருப்பிக் கூப்பிட்டால் பேரைக் கேட்டும் அசையாத நாயாப் போகும். இந்த விளையாட்டில பழகினதுதான் பிறகு கரையில கயிறு நழுவினால் கைகுடுக்கும்.

பாலையூற்று | நவம்பர் 21, இரவு 8.30

ஒளிச்சுப் பிடிச்சு அம்மாவுக்குத்தான் கூடப் பிடிச்சிருக்கு. சிரட்டையிலதான் கள்ளம்: மோக்கிறதே இல்லை, மூண்டையும் ஒரே தட்டில கவிழ்த்துப்போடுது.

கரைவலை | நவம்பர் 21, இரவு 9.02

கிட்டக் கிட்ட வச்சிருக்கிறியள். ஒண்டுக்கொண்டு ஒரு முழம் இடைவெளி விடுங்கோ. காலால தட்டினால் ஏசாமல் மூண்டையும் எடுத்து அஞ்சு செக்கன் முதுகுக்குப் பின்னால வச்சிட்டுத் திரும்ப வையுங்கோ. மூக்கு வச்ச உடன நீங்களே சிரட்டையைத் தூக்கிக் குடுங்கோ, தட்டுறதுக்கு அதுக்கு நேரம் வராது. அப்பவும் தட்டினால் பலகையில ஓட்டை போட்டுச் சிரட்டையைக் கயித்தால கட்டிவிடுங்கோ.

லிங்கநகர் | நவம்பர் 21, இரவு 9.15

பலகையையும் தூக்கிக்கொண்டு ஓடினா?

கரைவலை | நவம்பர் 21, இரவு 9.17

பலகைக்கு மேல நீங்கள் ஏறி இருங்கோ.